ஈவென்ட் லாக் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் அல்ல: பைதானில் விண்டோஸ் பதிவுகளைப் படித்த, எழுதிய அனுபவம்

"தம்பி, உங்க புரோகிராம் ராத்திரியில தானா நின்னுருதுங்க. காலையில வந்து பார்த்தா ஸ்கிரீன் இருட்டா கிடக்குது."

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். அதன் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர் அண்ணன் ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாகப் போன் செய்து இதைச் சொன்னார். அட்டைப்பெட்டிகளுக்கு பார்கோடு லேபிள் அடிக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் நான். இரவிலும் அதற்கு வேலை உண்டு. மறுநாள் பேக்கிங் லிஸ்டை சர்வரில் இருந்து இறக்கி, லேபிள்களை வரிசைப்படுத்தி வைக்கும். அது நின்றுவிட்டால் காலை ஷிஃப்டில் வந்தவர்கள் முதல் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கோபம் நியாயமானது.

விண்டோஸ் தன்னில் நடப்பவற்றைக் குறித்து வைக்கும் பதிவேடு ஈவென்ட் லாக், அதைக் காட்டும் கருவி ஈவென்ட் வியூவர். நேரில் போய் ஒரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்தேன். சிஸ்டம் லாகில் இரண்டு பதிவுகள் கண்ணில் பட்டன. ஒன்று 6008, அதாவது முந்தைய ஷட்டவுன் எதிர்பாராமல் நடந்தது என்பது. இன்னொன்று கெர்னல்-பவர் 41, முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பியது என்பது. ஆகவே நின்றது என் புரோகிராம் அல்ல, கம்ப்யூட்டரே அணைந்திருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடத்தில் இருந்தவை 31 கம்ப்யூட்டர்கள். எது, எப்போது, ஏன் என்று ஒவ்வொன்றாக மவுஸை உருட்டிக் கண்டுபிடிக்க முடியாது. பைதானில் நானே ஒன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் வேலை என்று நினைத்தது இரண்டு மாதம் இழுத்தது. அந்த இரண்டு மாதத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே வழியில் வருபவருக்குச் சில இரவுகளாவது மிச்சமாகட்டும்.

பைதானில் விண்டோஸின் உள்ளறைகளைத் தொட பைவின்32 என்ற லைப்ரரி உண்டு, மார்க் ஹாமண்ட் தொடங்கியது. அதில் இருக்கும் வின்32ஈவிடிலாக் என்ற மாட்யூல்தான் நமக்கு வேண்டியது. லாகைத் திறக்க ஓப்பன்-ஈவென்ட்-லாக், படிக்க ரீட்-ஈவென்ட்-லாக், எழுத ரிப்போர்ட்-ஈவென்ட். 1993-ல் விண்டோஸ் என்டி 3.1-உடன் வந்த பழைய ஏபிஐயின் (விண்டோஸோடு ஒரு புரோகிராம் பேசும் வழியின்) பெயர்கள் அப்படியே இருக்கும். பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கொஞ்சம் பதிவுகள் வந்தன. அவற்றில் 6008 இல்லை. "இந்த கம்ப்யூட்டரில் அப்படி எதுவும் நடக்கவில்லை அண்ணே" என்று சூப்பர்வைசரிடம் சொல்லியும்விட்டேன். அது தப்பு. அன்றைக்கு அவர் என்னை நம்பாமல் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

தப்பு இரண்டு இடத்தில் இருந்தது. முதலாவது, ரீட்-ஈவென்ட்-லாகை ஒரு முறை கூப்பிட்டால் முழு லாகும் வராது. ஒரு பஃபரில் (தற்காலிக நினைவகத் துண்டில்) எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு பதிவுகளை மட்டும் எடுத்துத் தரும். மிச்சத்துக்கு மறுபடி கூப்பிட வேண்டும், காலிப் பட்டியல் வரும்வரை. கிணற்றில் ஒரு வாளி இறைத்துவிட்டுத் தண்ணீர் இவ்வளவுதான் என்று சொன்ன கதையாக நான் முதல் வாளியோடு நிறுத்தியிருந்தேன். பிழை எதுவும் வராது, எச்சரிக்கையும் வராது. பதிவுகள் வரத்தான் செய்கின்றன, அதனால் சந்தேகமே எழாது. முதல் சோதனையாக, ஸ்கிரிப்ட் சொல்லும் மொத்த எண்ணிக்கையை ஈவென்ட் வியூவரின் மேலே காட்டும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இரண்டாவது, ஈவென்ட் ஐடி, அதாவது என்ன நடந்தது என்பதைக் குறிக்கும் எண். ஈவென்ட் வியூவர் 7036 என்று காட்டும் ஒரு பதிவை பழைய ஏபிஐ 1073748860 என்று தரும். முதலில் பார்த்தபோது லாக் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கெடவில்லை. அந்த ஐடி 32 பிட் எண். அதன் கீழ்ப் பாதி 16 பிட்டில்தான் நாம் அறிந்த எண் இருக்கிறது. மேல் பாதியில் எவ்வளவு தீவிரம், எந்தப் பிரிவு போன்ற தகவல்களைத் திணித்து வைத்திருக்கிறார்கள். 65535-உடன் பிட் அளவில் அண்ட் செய்தால் 7036 வெளியே வரும். பைவின்32-இல் இதற்கென்றே எச்ரிசல்ட்-கோட் என்ற சிறு ஃபங்ஷன் இருக்கிறது. 6008-ம் இப்படித்தான் வேறு வேடத்தில் உட்கார்ந்திருந்தது. நான் நேரடியாக 6008-க்குச் சமமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அது இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டையும் திருத்திய பிறகு பதிவுகள் கொட்டின. அடுத்த அடி அப்போதுதான் விழுந்தது. எல்லா 6008-ம் காலை ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில் நடந்ததாகக் காட்டியது. ஷிஃப்ட் தொடங்கும் நேரம்! எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்விட்ச் போடுவதால் மின்னழுத்தம் விழுகிறதோ என்று எலெக்ட்ரீஷியனைக்கூட வரவழைத்துவிட்டோம். கொஞ்சம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். செத்துக் கிடக்கும் கம்ப்யூட்டர் எதையும் எழுத முடியாது. 6008-ம் 41-ம் எழுதப்படுவது அடுத்த முறை பூட் ஆகும்போதுதான். பதிவின் நேரம் ஸ்விட்ச் போட்ட நேரம். அணைந்த நேரம் 6008-இன் வாசகத்துக்குள்ளே இருக்கிறது: இந்தத் தேதியில் இந்த மணிக்கு நடந்த ஷட்டவுன் எதிர்பாராதது, என்று.

சரி, அந்தத் தேதியை எடுத்து பைதானின் டேட்டைமுக்குக் கொடுத்தால் ஏற்க மறுத்தது. திரையில் அச்சடித்துப் பார்த்தால் 12-06-2023 என்று சுத்தமாக இருக்கிறது. அதையே கையால் தட்டிக் கொடுத்தால் வேலை செய்கிறது. ஒரு மாலை முழுக்க இதில் போனது. கடைசியில் அந்தச் சரத்தின் நீளத்தைக் கேட்டேன். கண்ணுக்குத் தெரிவது 10 எழுத்து, பைதான் சொன்னது 13. நாள், மாதம், ஆண்டு ஒவ்வொன்றுக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு யூனிகோட் குறி உட்கார்ந்திருந்தது. இடமிருந்து வலம் எழுது என்று சொல்லும் குறி அது, யு+200இ. அதை நீக்கிய பிறகு தேதி வாயைத் திறந்தது. லாகில் இருந்து வரும் எந்தச் சரத்தையும் கண்ணால் பார்த்து நம்பாமல், ரெப்ர் (மறைந்த குறிகளையும் காட்டும் பைதான் ஃபங்ஷன்) போட்டுப் பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது.

இப்போது இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். லினக்ஸில் பழகிய கைக்கு லாக் என்றாலே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். வரி வரியாக வாக்கியங்கள் இருக்கும், கிரெப் போட்டுத் தேடலாம். விண்டோஸ் ஈவென்ட் லாகில் வாக்கியமே கிடையாது. யார் எழுதினார் என்ற சோர்ஸ் பெயர், ஐடி, நேரம், அப்புறம் சில துண்டுச் சொற்கள், அவ்வளவுதான். 7036-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லாகில் இருப்பது "பிரிண்ட் ஸ்பூலர்", "ஸ்டாப்டு" என்ற இரண்டு துண்டுகள் மட்டும். "%1 சர்வீஸ் %2 நிலைக்குப் போனது" என்ற அச்சு வாக்கியம் ஏதோ ஒரு டிஎல்எல்லில் (மென்பொருளோடு வரும் துணைக் கோப்பில்) இருக்கிறது. அது எந்த டிஎல்எல் என்பது, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஈவென்ட்லாக் சாவிக்கு அடியில், சோர்ஸ் பெயரில், ஈவென்ட்-மெசேஜ்-ஃபைல் என்ற மதிப்பில் இருக்கிறது. நாம் ஈவென்ட் வியூவரில் வாசிப்பது, இந்த மூன்றையும் அந்த நொடியில் சேர்த்துத் தைத்த சட்டை. மொழிக்கு மொழி வாக்கியத்தை மாற்றிக் காட்டவும் லாக் கோப்பைச் சின்னதாக வைத்திருக்கவும் இந்த ஏற்பாடு உதவுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் இது தெரியாமல் இறங்கினால் அடி மேல் அடி விழும். நான் சந்தித்த சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தில் இருந்து முளைத்தவை.

உதாரணத்துக்கு ஒன்று. பேக்கிங் கம்ப்யூட்டரின் அப்ளிகேஷன் லாகைப் பென்டிரைவில் எடுத்து வந்து வீட்டில் லேப்டாப்பில் திறந்தேன். சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் வின்ஈவிடி, அதற்குள் லாக்ஸ், அங்கேதான் இவிடிஎக்ஸ் கோப்புகள் இருக்கும். பிரிண்டர் கம்பெனியின் பதிவுகள் எல்லாவற்றுக்கும் "இந்த ஐடிக்கான விளக்கம் கிடைக்கவில்லை" என்ற நீண்ட புலம்பல்தான் வந்தது. ஏன் என்றால், அந்தப் பிரிண்டர் மென்பொருள் என் லேப்டாப்பில் இல்லை, ஆகவே அதன் டிஎல்எல்லும் இல்லை. வாக்கியமாக மாற்றும் வேலையைப் பதிவு நடந்த கம்ப்யூட்டரிலேயே செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் துண்டுச் சொற்களை அப்படியே சேமியுங்கள். இரண்டையும் சேமித்தால் இன்னும் நல்லது. ஈவென்ட் வியூவரில் கோப்பாகச் சேமிக்கும்போது காட்சித் தகவலையும் சேர்க்கவா என்று கேட்கும். ஆம் என்றால் லோகேல்-மெட்டாடேட்டா என்ற ஃபோல்டரும் கூட வரும். அதையும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

41-ஆம் பதிவுக்குத் திரும்புவோம். அதனுள்ளே பக்செக்-கோட் என்று ஒரு மதிப்பு உண்டு. அது பூஜ்யம் இல்லையென்றால் நீலத்திரை விழுந்திருக்கிறது. எங்கள் எல்லாப் பதிவிலும் பூஜ்யம். இன்னொரு மதிப்பு பவர்-பட்டன்-டைம்ஸ்டாம்ப். யாராவது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தால் அது பூஜ்யமாக இருக்காது, அழுத்திய நேரம் அதில் இருக்கும். பழைய ஏபிஐ இவற்றைப் பெயரில்லாமல் வரிசையாக மட்டும் தரும், எத்தனையாவது இடம் என்று நாமே எண்ண வேண்டும். விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த புதிய ஏபிஐயில் எக்ஸ்எம்எல்லாகப் பெயரோடு வரும். பைவின்32 அதையும் தருகிறது: ஈவிடி-குவெரி, ஈவிடி-நெக்ஸ்ட், ஈவிடி-ரெண்டர். அன்றே பழைய ஏபிஐயை விட்டு இதற்கு மாறினேன். நீங்கள் இன்று தொடங்குவதானால் நேராக இங்கேயே தொடங்குங்கள். இந்த வழியில் ஐடியும் 7036 என்று நேராகவே வரும், மேல் பாதி குவாலிஃபையர்ஸ் என்று தனியாகப் போய்விடும்.

அந்த எக்ஸ்எம்எல்லைப் பிரித்தபோது ஒன்பது கம்ப்யூட்டர்களில் பவர்-பட்டன் மதிப்பு இருந்தது. அது 1601-ஆம் ஆண்டு ஜனவரி 1-இல் இருந்து 100 நானோ நொடிகளாக எண்ணும் விண்டோஸ் கணக்கு. மாற்றிப் பார்த்தால் எல்லாமே இரவு பத்தே காலுக்கும் பத்தரைக்கும் நடுவில், வரிசையாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை நிமிட இடைவெளியில். ஒருவர் நடந்துகொண்டே ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போகிறார் என்று அந்த எண்களிலேயே தெரிந்தது. சூப்பர்வைசர் அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கரண்டு பில்லு ஏறுதுன்னு ராத்திரி எல்லாப் பொட்டியையும் அணைச்சுட்டுப் போகச் சொன்னது நாந்தானுங்க. லேபிள் பொட்டிய விட்டுருங்கன்னு சொல்லாம விட்டுட்டேன்" என்றார். மறுநாள் அந்தக் கம்ப்யூட்டர்களின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. மீதி இரண்டு கம்ப்யூட்டர்களில் பவர்-பட்டனும் பூஜ்யம், பக்செக்கும் பூஜ்யம். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளை அங்கிருந்த யுபிஎஸ் தாங்கவில்லை. பேட்டரி மாற்றினார்கள்.

புதிய ஏபிஐக்கு மாறியபோது நான் கவனிக்காமல் விட்ட ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய ஏபிஐயில் பதிவின் வகை எண்: 1 என்றால் எரர், 2 என்றால் வார்னிங், 4 என்றால் இன்ஃபர்மேஷன். புதியதில் லெவல் எண்: 1 கிரிட்டிக்கல், 2 எரர், 3 வார்னிங், 4 இன்ஃபர்மேஷன். இரண்டிலும் 4 ஒன்றாகவே இருப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். என் பழைய டிக்‌ஷனரியை அப்படியே புதிய கோடில் ஒட்டியதால், மூன்று வாரம் தினசரி அறிக்கையில் எரர்கள் எல்லாம் வார்னிங்காகப் போய்க்கொண்டிருந்தன. கிரிட்டிக்கல் எல்லாம் எரர். ஒரு ஹார்ட் டிஸ்கில் பழுதான பிளாக் இருப்பதாக டிஸ்க் 7 பதிவு அந்த மூன்று வாரமும் கத்தியிருக்கிறது, நாங்கள் வார்னிங் பகுதியைத் திறக்கவில்லை. டிஸ்க் போன பிறகுதான் பார்த்தேன். தரவு சர்வரிலும் இருந்ததால் இழப்பில்லை, ஆனால் அது என் திறமையால் அல்ல.

நேரக் கணக்கும் அப்படித்தான். எக்ஸ்எம்எல்லில் வரும் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஈவென்ட் வியூவர் அதை நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டுவதால் கோடு எழுதும்போது மறந்துபோகும். இந்தியாவில் விடியற்காலை ஐந்தரை மணிதான் யுடிசியின் நள்ளிரவு. அதிகாலை 4:50-க்கு நடந்ததெல்லாம் முந்தைய நாள் அறிக்கையில் போய் உட்காரும். இரவு வேலையை ஆராய்கிற எங்களுக்கு இது பெரிய குழப்பம். சேமிப்பதை யுடிசியிலேயே சேமித்து, மனிதருக்குக் காட்டும் இடத்தில் மட்டும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். இன்னொன்று, நொடியின் பின்னத்தில் ஆறு இலக்கத்துக்கு மேல் வரும். பைதானின் ஸ்ட்ரிப்டைம் ஆறு இலக்கம்தான் வாங்கும். மிச்சத்தை வெட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். அந்த எக்ஸ்எம்எல்லுக்கு நேம்ஸ்பேஸ் (குறிகளின் பெயரோடு சேரும் ஓர் அடையாளம்) உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அதைக் கொடுக்காமல் தேடினால் பைதானின் எக்ஸ்எம்எல் மாட்யூலான எலிமென்ட்-ட்ரீ வெறுங்கையோடு திரும்பும்.

எக்ஸ்எம்எல்லுக்குள் தேடுவதற்கு எக்ஸ்பாத் என்ற மொழி இருக்கிறதே, எல்லாம் எளிது என்று நினைத்தேன். விண்டோஸ் தருவது எக்ஸ்பாத்தின் ஒரு சிறு பகுதி. கன்டெய்ன்ஸ், ஸ்டார்ட்ஸ்-வித் (இந்தச் சொல் உள்ளே இருக்கிறதா, இதில் தொடங்குகிறதா என்று கேட்பவை) எதுவும் கிடையாது. ஐடி, லெவல், சோர்ஸ், நேரம் ஆகியவற்றை எக்ஸ்பாத்தில் வடிகட்டி, வாக்கியத்துக்குள் தேடுவதைப் பைதானில் வைத்துக்கொண்டேன். நேரத்துக்கு டைம்டிஃப் என்ற ஃபங்ஷன் மில்லி நொடியில் கணக்குப் போடும். கடைசி 24 மணி நேரம் என்றால் 86400000. வடிகட்டாமல் முழு லாகையும் நெட்வொர்க் வழியாக இழுத்தபோது ஒரு கம்ப்யூட்டருக்கே நிமிடக் கணக்கில் ஆனது. வடிகட்டிய பிறகு காத்திருக்கவே தேவைப்படவில்லை.

உரிமை விஷயம். 31 கம்ப்யூட்டருக்கும் அட்மின் பாஸ்வேர்டை ஒரு ஸ்கிரிப்டில் வைத்துவிடலாம் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம். ஈவென்ட் லாக் ரீடர்ஸ் என்று விண்டோஸிலேயே ஒரு குழு இருக்கிறது. ஒரு தனிப் பயனரை உருவாக்கி அதில் சேர்த்தால் படிக்க மட்டும் முடியும். ஃபயர்வாலில் ரிமோட் ஈவென்ட் லாக் மேனேஜ்மென்ட் விதிகளைத் திறக்க வேண்டும். எங்கே விட்டோம் என்பதை நினைவில் வைக்க, கடைசிப் பதிவின் வரிசை எண்ணை நீங்களே குறித்து வைப்பதைவிட ஏபிஐ தரும் புக்மார்க்கைப் பயன்படுத்துங்கள். பழைய ஏபிஐயில் புதுப் பதிவு வந்தால் சொல்லும் நோட்டிஃபை வசதி ஒன்று உண்டு. ஐந்து நொடிக்குள் இரண்டாவது பதிவு வந்தால் அது சொல்லாது. அதை நம்பி அலாரம் கட்டாதீர்கள், புதிய ஏபிஐயின் ஈவிடி-சப்ஸ்கிரைப் போதும்.

படித்தது இவ்வளவு. இனி எழுதியது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. படிப்பதில் தப்பு செய்தால் நம் நேரம்தான் போகும். எழுதுவதில் தப்பு செய்தால் நம்மை நம்பிப் படிப்பவரின் நேரமும் போகும்.

லேபிள் புரோகிராமின் சொந்தப் பதிவுகளையும் ஈவென்ட் லாகில் எழுத முடிவு செய்தேன். பதிவுகளை ஈவென்ட் லாகுக்கு அனுப்பும் என்டி-ஈவென்ட்-லாக்-ஹேண்ட்லர் பைதானின் லாகிங் மாட்யூலிலேயே இருக்கிறது. மூன்று வரியில் வேலை முடிந்தது. நான்கு மாதம் ஓடியது. ஒரு நாள் பைதானின் புதிய பதிப்புக்கு மாற்ற, லைப்ரரிகளைத் தனியே வைத்திருக்கும் பழைய வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக வேறு பெயரில் வைத்தேன், சோர்ஸ் பெயரையும் புதிதாக்கினேன். மறுநாள் ஈவென்ட் வியூவரில் நான்கு மாதப் பழைய பதிவுகள் அத்தனையும் "விளக்கம் கிடைக்கவில்லை". வாக்கியம் டிஎல்எல்லில் இருக்கும் என்று சொன்னேனே, இந்த ஹேண்ட்லர் தனக்கான மெசேஜ் ஃபைலாக பைவின்32-இன் வின்32சர்வீஸ் கோப்பைக் காட்டி ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிடும். அந்தக் கோப்பு இருந்தது நான் அழித்த ஃபோல்டருக்குள். பதிவுகள் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றைத் தைக்கும் ஊசியைத்தான் நான் குப்பையில் போட்டுவிட்டேன். இப்போது அந்தக் கோப்பின் ஒரு பிரதியை புரோகிராம் ஃபைல்ஸில் நிலையான ஓர் இடத்தில் வைத்து, ஹேண்ட்லருக்கு அந்தப் பாதையைக் கொடுக்கிறேன். அதை யாரும் நகர்த்தக் கூடாது என்று நிறுவல் குறிப்பில் தனிப் பத்தியாக எழுதியிருக்கிறேன்.

சோர்ஸைப் பதிவு செய்ய அட்மின் உரிமை வேண்டும், ஏனென்றால் அது ரெஜிஸ்ட்ரியில் எழுதும் வேலை. ஆகவே அதை புரோகிராம் ஓடும்போது செய்யாமல் நிறுவும்போதே ஒரு முறை செய்து முடியுங்கள். சி-ஷார்ப்பில் எழுதும் நண்பர் ஒருவர் சோர்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு எழுதும்படி வைத்திருந்தார். பார்க்கப் பொறுப்பான கோடு. ஆனால் சாதாரணப் பயனரின் கணக்கில் அது செக்யூரிட்டி எக்ஸெப்ஷனோடு விழுந்தது. சோர்ஸ் கிடைக்காவிட்டால், சி-ஷார்ப்பின் அடித்தளமான டாட்நெட் எல்லா லாகிலும் தேடும், செக்யூரிட்டி லாகும் அதில் ஒன்று, அதைப் பார்க்கச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லை. அவரும் அதை நிறுவலுக்குத் தள்ளினார், தீர்ந்தது. ஒரு லாகில் பதிந்த சோர்ஸை இன்னொரு லாகுக்கு மாற்றினால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதனால் எந்த லாக் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

எந்த லாக் என்பதில்தான் நான் பெரிதாகச் சறுக்கினேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு லேபிள் அடித்ததையும் அப்ளிகேஷன் லாகில் எழுதினேன். நாளைக்கு ஏறக்குறைய 9,000 லேபிள். அந்த லாகின் இயல்பான அளவு 20 எம்பி, நிரம்பினால் பழையதின் மேல் எழுதிக்கொண்டே போகும். ஒரு வாரத்துக்குள் என் லேபிள் பதிவுகளே லாக் முழுவதையும் அடைத்துக்கொண்டன. அந்த நேரம் பார்த்து வேறொருவரின் கணக்கு மென்பொருள் அடிக்கடி முடங்கியது. காரணம் தேடி வந்தவருக்குப் பத்து நாளுக்கு முந்தைய பதிவுகள் தேவைப்பட்டன. இல்லை. நான் துடைத்துவிட்டிருந்தேன். ஊர்க் கிணற்றில் ஒருவர் மட்டும் மோட்டார் போட்டு இறைத்தது மாதிரி. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது தினசரி விவரங்கள் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலுக்குப் போகின்றன. யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் மட்டும்தான் ஈவென்ட் லாகில் எழுதுகிறேன், அதுவும் தனி லாகில். தனி லாகின் பெயரில் முதல் எட்டு எழுத்துகள் வேறெந்த லாகோடும் ஒத்துப்போகக் கூடாது, கவனம்.

ஐடிகளைப் பற்றியும் ஒன்று. அந்த ஹேண்ட்லர் சும்மா விட்டால் எல்லாப் பதிவுக்கும் ஐடி 1 என்றே போடும். அப்புறம் ஐடியை வைத்து எதையும் வடிகட்ட முடியாது. ஹேண்ட்லரில் இருந்து ஒரு கிளாஸை உருவாக்கி, ஐடி தரும் மெத்தடை மட்டும் மாற்றி எழுதினேன். பிரிண்டர் சார்ந்தவை 2100 வரிசை, சர்வர் சார்ந்தவை 2200, தரவுப் பிழைகள் 2300. ஒரு முறை கொடுத்த எண்ணின் பொருளை மாற்றுவதில்லை. டாஸ்க் ஷெட்யூலரில் இந்த எண் வந்தால் இதைச் செய் என்று கட்டி வைக்கவும் இப்போது முடிகிறது.

வாக்கியத்தில் சதவீதக் குறி வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் லேபிளில் துணியின் கலவையை "காட்%95" என்று சுருக்கி எழுதும் வழக்கம் உண்டு. சதவீதக் குறியும் அதை ஒட்டி எண்ணும் வந்தால் ஈவென்ட் வியூவர் அதைச் செருக வேண்டிய இடம் என்று எடுத்துக்கொள்ளும். எழுதுவதற்கு முன்னால் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விடுகிறேன்.

எனக்கு மிகப் பிடித்த பகுதியைக் கடைசியாக வைத்திருக்கிறேன். லாகில் சரங்கள் யூனிகோடில்தான் சேமிக்கப்படுகின்றன, ஆகவே தமிழில் எழுதலாம். யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பேக்கிங் பிரிவில் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்ப்பவர் சூப்பர்வைசர் அண்ணன்தான். அவருக்கு ஆங்கிலத்தில் எழுதி என்ன பயன்? ஒவ்வொரு ஐடிக்கும் என்ன நடந்தது, எந்தப் பெட்டியில் நின்றது, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வரி தமிழில் எழுதினேன். அவரையே பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னேன். "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "எந்த ஒயருங்க தம்பி?" என்றார். "பிரிண்டரின் நீல ஒயரைச் சரிபாருங்கள்" என்று மாற்றினேன். அப்படி ஒவ்வொன்றாக 22 வாசகங்களை அவரோடு சேர்ந்து திருத்தினேன். கட்டளைத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது, ஈவென்ட் வியூவரில் ஒழுங்காக வருகிறது. அவருக்கு வேண்டியது அதுதான்.

போன வாரம் காலை ஆறரைக்கு அவரிடமிருந்து போன். எடுக்கும்போதே பயம்தான். "2104-ன்னு வந்திருக்குதுங்க. 47-ஆம் பெட்டியில ரிப்பன் தீந்துபோச்சுன்னு போட்டிருந்துச்சு. மாத்திட்டேன், 48-ல இருந்து ஓடிட்டிருக்குது. சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேனுங்க."